காளான் ஏன் ஒளிருது? பேரைச் சொன்னாப் போதுமா?



ஜூன் பொறந்து நாலு மழை நல்லாப் பெஞ்சாப் போதும், புனேல இருக்கற நம்ம தமிழ்க் குடும்பங்களோட வாட்ஸப் குழுவுல அந்தப் போட்டோ தவறாம வந்துடும். கும்மிருட்டு, நடுவுல மக்கிப்போன ஒரு கட்டை, அது மேல பூரா பச்சைப் பசேல்னு வெளிச்சம். 'பீமாசங்கர் காட்டில் இயற்கையின் அதிசயம்'னு கீழ ஒரு வரி. எல்லாரும் கைகூப்பற பொம்மையை ஒண்ணு போட்டுட்டு அவங்கவங்க ஆணியைப் புடுங்கப் போயிடுவாங்க.

பெரியவங்க போயிடுவாங்க. வாண்டுங்க போகாதுங்க. "அது ஏன் எரியுது? உள்ள பல்பு இருக்கா? தொட்டா சுடுமா?" இந்தக் கேள்விக்கு நம்ம வீடுகள்ல என்ன பதில் கிடைக்குதுன்னு சில வருஷமாவே கவனிச்சுட்டு வர்றேன். மொத்தமே மூணு பதில்தான்.

ஒண்ணு, ஊர்லேர்ந்து வந்திருக்கற பாட்டியோடது. "அது கொள்ளிவாய்ப் பிசாசுடி கண்ணு, ராத்திரில அந்தப் பக்கமே போகக்கூடாது." ரெண்டாவது, எல்லாக் கூட்டத்துலயும் ஒருத்தர் இருப்பாரே, எதைக் கேட்டாலும் தெரிஞ்ச மாமா, அவரோடது. "அதுல பாஸ்பரஸ் இருக்கு." மூணாவது, போனைத் தட்டிப் பாத்த அப்பாவோடது. "லூசிஃபெரின்னு ஒரு கெமிக்கல்மா. பயோலூமினசென்ஸ்னு சொல்லுவாங்க. ஓக்கேவா? போய்ப் படி."

இந்த மூணுல பாட்டி பதில்தான் உசத்தின்னு நான் சொல்லுவேன். சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன் :-) பாட்டி சொன்னதுல ஒரு சம்பவமாவது இருக்கு. யாரோ ஒருத்தர் வாயில கொள்ளியை வச்சுக்கிட்டு காட்டுல அலையறார். தப்பான சம்பவம்தான், ஆனா ஏதோ *நடக்குது*. மத்த ரெண்டு பதில்லயும் எதுவுமே நடக்கல. வெறும் பேரு மட்டும் இருக்கு.

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: பேரைச் சொல்றது பதில் சொல்றதாகாது. வெளியூர்ல பிள்ளை வளர்க்கற நமக்கு இது சின்ன விஷயமும் இல்ல. ஏன்னு கடைசில சொல்றேன். முதல்ல காளான்.

பாஸ்பரஸ் மாமாவைக் கொஞ்சம் கவனிச்சுட்டு வந்துடறேன். நான் சிவகாசிக்காரி. பாஸ்பரஸ்ங்கறது எங்க ஊர்ச் சரக்கு. தீப்பெட்டிப் பக்கவாட்டுல உரசறோமே, அந்தப் பட்டையில இருக்கறது சிவப்பு பாஸ்பரஸ். அது இருட்டுல ஒளிராது. ஒளிர்றது வெள்ளை பாஸ்பரஸ். அதைக் காத்துல வச்சாலே ஆவி ஆக்சிஜனோட சேர்ந்து மங்கலா ஒளிரும், கொஞ்சம் சூடானா குபுக்குன்னு பத்திக்கும். அதனால தண்ணிக்குள்ளதான் போட்டு வைப்பாங்க. அந்த ஐட்டம் எந்த உயிருக்குள்ளயும் இருக்க முடியாது. உயிருக்குள்ள இருக்கறதெல்லாம் பாஸ்பேட். அது காளான்லயும் இருக்கு, உளுந்துலயும் இருக்கு. அப்படிப் பாத்தா ராத்திரி சாப்பாட்டுக்கு வச்ச இட்லி ஹாட்பாக்ஸுக்குள்ள தகதகன்னு மின்னணும்!

இன்னொரு கூத்து என்னன்னா, பாஸ்பரஸ்ங்கற கிரேக்கச் சொல்லுக்கு 'ஒளியைச் சுமக்கறது'ன்னு அர்த்தம். லூசிஃபெரின்ங்கற பேரு லத்தீன் சொல்லுலேர்ந்து வந்தது. அதுக்கும் அர்த்தம் அதேதான். ஆக, "ஏன் ஒளிருது?"ன்னு குழந்தை கேட்டா, "ஒளி தர்றது உள்ள இருக்கறதால"ன்னு ரெண்டு மொழில சொல்லிட்டு நாம கடமை முடிஞ்சதுன்னு போயிடறோம். "சாம்பார் ஏன் புளிக்குது?"ன்னா "புளிப்பு இருக்கறதால"ன்னு சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

லூசிஃபெரின்ங்கறது ஒரு பொருளோட பேரே இல்ல. 'எரிபொருள்'னு சொல்றோமே, அந்த மாதிரி ஒரு வேலையோட பேரு. பெட்ரோலும் எரிபொருள், வறட்டியும் எரிபொருள். ரெண்டும் ஒண்ணா? மின்மினிப் பூச்சியோட லூசிஃபெரின் வேற, கடல் பிராணிங்களோடது வேற, காளானோடது வேற. மூணும் வேதியியல்ல ஒண்ணுக்கொண்ணு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

இந்தப் பேருக்குப் பின்னாடி ஆட்கள் எவ்வளவு காலம் அலைஞ்சாங்கன்னு பாத்தா, நான் சொல்ற வித்தியாசம் நல்லாவே புரியும்.

1667ல இங்கிலாந்துல ராபர்ட் பாயில் ஒரு வேலை பண்ணினார். ஒளிர்ற மக்கின கட்டை ஒண்ணைக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள வச்சு, காத்தை பம்ப் போட்டு வெளிய இழுத்தார். ஒளி அணைஞ்சது. திரும்பக் காத்தை உள்ள விட்டார். ஒளி வந்துடுச்சு. அப்போ ஆக்சிஜன்னு ஒரு பேரே கிடையாது. அதைக் கண்டுபிடிக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல இருந்தது. பேரு இல்லாமலே மனுஷன் விஷயத்தைப் பிடிச்சுட்டார் பாருங்க: இது காத்தைத் தின்னுது.

1775ல அமெரிக்காக்காரங்க சுதந்திரப் போருக்காக 'டர்ட்டில்'னு ஒரு நீர்மூழ்கி செஞ்சாங்க. உள்ள விளக்கு ஏத்தினா இருக்கற கொஞ்சக் காத்தும் போயிடும். அதனால திசைகாட்டி முள்ளுல இந்த ஒளிர்ற கட்டைத் துண்டை ஒட்டி வச்சாங்க. பனி கொட்டற குளிர் வந்ததும் ஒளி போயிடுச்சு, பெரிய தலைவலி. ஆக, குளிர்ந்தா இது வேலை செய்யாது. அது உலோகம் மாதிரி சும்மா மின்னற பொருள் இல்ல, உள்ள ஏதோ வேலை ஓடிட்டிருக்குன்னு இன்னொரு துப்பு.

1880கள்ல பிரான்ஸ்ல ரஃபேல் துபுவா வந்தார். அவர் கையில் எடுத்தது காளான் இல்ல, ஒளிர்ற வண்டும் கடல் சிப்பியும். பச்சைத் தண்ணில ஊறவச்சு ஒரு சாறு எடுத்தார். அது கொஞ்ச நேரம் ஒளிர்ந்து அணைஞ்சது. வெந்நீர்ல இன்னொரு சாறு. அது ஒளிரவே இல்ல. ஆறினதும் ரெண்டையும் கலந்தார். ஒளி! பச்சைத் தண்ணிச் சாறுல எரிபொருள் தீர்ந்துபோச்சு, எரிய வைக்கற ஆள் மிச்சம். வெந்நீர்ச் சாறுல எரிய வைக்கற ஆள் வெந்து செத்துப்போச்சு, எரிபொருள் மிச்சம். கொதிக்கிற பால்ல உறை ஊத்தினா தயிர் ஆகாதில்ல, அந்தக் கதைதான். எரிபொருளுக்கு லூசிஃபெரின்னும், எரிய வைக்கற நொதிக்கு லூசிஃபெரேஸ்னும் பேரு வச்சது அவர்தான்.

பேரு வந்தாச்சு. காளான் விஷயம் முடிஞ்சுதா? அங்கதான் கதையே ஆரம்பம். 1959லயும் 1962லயும் அமெரிக்காவுல ஏர்த்ங்கறவரும் அவரோட கூட இருந்தவங்களும் காளான் சாறை வச்சு ஒளியை வரவழைச்சுட்டோம், இதுல ரெண்டு படி இருக்கு, ரெண்டு நொதி இருக்குன்னாங்க. மத்தவங்க செஞ்சு பாத்தப்போ சரியா வரல. நொதியே கிடையாது, தானா நடக்கற வினைன்னு கூட சில பெரிய ஆளுங்க வாதாடினாங்க. சண்டை அம்பது வருஷம் இழுத்தது. 2009லதான் பிரேசில்ல சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்து காசியஸ் ஸ்டெவானி குழு, நொதிதான்னு சந்தேகமில்லாமக் காட்டினாங்க. 2012ல இன்னொண்ணு: ஒரு இனக் காளானோட எரிபொருளை இன்னொரு இனத்தோட நொதியோட கலந்தாலும் ஒளி வருது. ஆக, ஒளிர்ற காளான் எல்லாத்துக்கும் சமையல் குறிப்பு ஒண்ணே.

அந்த எரிபொருள் என்ன பொருள்னு முகத்தைப் பாத்தது 2015ல. மாஸ்கோவுல இலியா யாம்போல்ஸ்கி குழுவும் பிரேசில்காரங்களும் சேர்ந்து கண்டுபிடிச்சாங்க: 3-ஹைட்ராக்சிஹிஸ்பிடின். 2017ல ஒளி வர்ற அந்தக் கடைசிக் கணத்துல என்ன உடையுதுன்னு தெரிஞ்சது. 2018ல நாலு நொதிகளும், அதுக்கான மரபணுக்களும் கையில வந்தது. பேரு வச்சு நூத்து முப்பது வருஷம் ஆனப்புறம்!

சரி, அந்த நாலு நொதி என்னதான் செய்யுது? இதைத்தான் என் பொண்ணுக்கு அடுக்களையில நின்னுக்கிட்டு தமிழ்ல சொன்னேன். உங்களுக்கும் அப்படியே சொல்றேன்.

ஆரம்பம் காபி. அட, நிஜமாத்தான்! ஆரம்பப் பொருளுக்குப் பேரே காஃபிக் அமிலம். காபியிலேர்ந்து வந்த பேரு. தூக்கத்தைக் கெடுக்கற காஃபின் வேற, இது வேற, குழப்பிக்காதீங்க. காபிக்கொட்டையில இருக்கற குளோரோஜெனிக் அமிலத்துல பாதி உடம்பு இந்தக் காஃபிக் அமிலம்தான். காபின்னு இல்ல, செடி கொடி எல்லாத்துலயும் இது உண்டு.

காஃபிக் அமிலத்தோட உருவம் ஒரு வளையமும் ஒரு வாலும். முதல் நொதி வருது. வாலோட நுனியில சின்னச் சின்னதா ரெண்டு கார்பன் துண்டை ஒட்டி நீட்டுது. நீண்ட வால் வளைஞ்சு தன்னோடயே ஒட்டிக்கிது. முறுக்கு சுத்தி நுனியை அழுத்தி விடுவோமே, அப்படி. இப்போ ரெண்டு வளையம். இதுக்குப் பேரு ஹிஸ்பிடின். இது இன்னும் ஒளிராது.

ரெண்டாவது நொதி, காத்துலேர்ந்து ஆக்சிஜனை எடுத்து, அதுல ஒரு அணுவை அந்த ரெண்டாவது வளையத்துல ஏத்துது. சும்மா ஏறாது, செலவு உண்டு. அந்தச் செலவுக்கு என்.ஏ.டி.பி.ஹெச்னு ஒண்ணு காசு கொடுக்குது. அந்தக் காசு எங்கேர்ந்து வந்துச்சு? காளான் மக்கின மரத்தைத் தின்னு சம்பாதிச்சது. இப்போ கையில இருக்கறதுதான் லூசிஃபெரின்.

மூணாவது நொதி, அதாவது லூசிஃபெரேஸ், இன்னொரு ஆக்சிஜனைக் கொண்டு வந்து அந்த வளையத்துக்குக் குறுக்கே பாலம் மாதிரி மாட்டுது. இடம் பத்தல. வளையம் முறுக்கிக்கிட்டு நிக்குது. ரொம்ப நேரம் தாங்காது. குக்கர்ல பிரஷர் ஏறி விசில் அடிச்சு ஆவி போற மாதிரி, அதுலேர்ந்து கார்பன் டை ஆக்சைடு பிச்சுக்கிட்டுப் போயிடுது. மிச்சம் இருக்கற துண்டு அந்த வேகத்துல படபடன்னு துடிச்சுக்கிட்டு நிக்கும். அது அமைதியாகணும்னா வாங்கின சக்தியை எங்கயாவது கொட்டியாகணும். வழக்கமா வேதிவினைங்கள்ல அது சூடாப் போயிடும். இங்க ஒளியாப் போகுது. குக்கர் சத்தம் போடுது, காளான் வெளிச்சம் போடுது. அவ்வளவுதான்! 520லேர்ந்து 530 நானோமீட்டர், பச்சை. தொட்டா சுடாது, ஏன்னா சூடாக வேண்டிய சக்திதான் வெளிச்சமாப் போயிடுச்சே.

நாலாவது நொதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எரிஞ்சு முடிஞ்ச சக்கையைத் தூக்கிப் போடாம, வெட்டி, திரும்பக் காஃபிக் அமிலமா ஆக்கிடுது. காலி சிலிண்டரைக் கொடுத்து நிரப்பினதை வாங்கற மாதிரி. திரும்ப முதல் நொதிகிட்ட போகும். கட்டையும் ஈரமும் காத்தும் இருக்கற வரைக்கும் இந்தச் சுத்து ஓடிக்கிட்டே இருக்கும்.

இதைக் கேட்டு முடிச்சதும் என் பொண்ணு ரெண்டு நிமிஷம் பேசல. அப்புறம் டபராவைப் பாத்துட்டுக் கேட்டா: "அம்மா, அப்போ நம்ம டிக்காஷன்ல அந்த நாலு நொதியைப் போட்டா காபி ஒளிருமா?"

இதுக்குத்தாங்க இவ்வளவு நேரம் பேசினேன்! கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் விஞ்ஞானிங்களும் கேட்டாங்க. டிக்காஷனுக்குப் பதிலா உயிரோட இருக்கற செடி. 1986லயே மின்மினியோட மரபணுவைப் புகையிலைச் செடில வச்சு ஒளிர வச்சாங்க. ஆனா செடிக்கு மின்மினி எரிபொருள் செய்யத் தெரியாது, வெளியிலேர்ந்து கொடுக்கணும். காளான் கதை வேற. ஆரம்பப் பொருளான காஃபிக் அமிலம் செடிகிட்டயே இருக்கே! 2020ல காளான் மரபணுக்களைப் புகையிலைல வச்சாங்க. எதையும் தெளிக்காமலே வேர்லேர்ந்து பூ வரைக்கும் செடி தானா ஒளிர்ந்தது. 2024லேர்ந்து அமெரிக்காவுல ஒளிர்ற பெட்டூனியாச் செடியைக் கடைச்சரக்கா விக்கறாங்க. அந்தத் தொழில்நுட்பம் நல்லதா கெட்டதான்னு தனியா ஒரு பதிவு போட்டுச் சண்டை போடலாம். நான் சொல்றது வேற. அந்த வழி திறந்தது 'லூசிஃபெரின்'ங்கற பேரு தெரிஞ்சதால இல்ல. எது எதோட ஒட்டுது, எது கழலுது, எது திரும்புதுன்னு தெரிஞ்சதால.

பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம் ஒண்ணு சொல்றேன். இங்க ஒரு பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு பையன், நம்ம தமிழ்ப் பையன்தான், தெர்மாகோல்ல காளான் செஞ்சு உள்ள எல்.ஈ.டி. வச்சு அழகா நிறுத்தியிருந்தான். பயோலூமினசென்ஸுக்கு விளக்கம் இங்கிலீஷ்ல மடமடன்னு ஒப்பிச்சான். ஒரு தப்பு இல்ல. "சரிடா கண்ணா, உள்ள என்ன நடக்குது?"ன்னு தமிழ்ல கேட்டேன். முழிச்சான். இங்கிலீஷ்ல கேட்டேன். அதே வரியைத் திரும்ப ஒப்பிச்சான். பையன் மேல குத்தமே கிடையாது. அவனுக்கு யாரும் பேரைத் தவிர வேற எதையும் கொடுக்கல.

எங்க வூட்டு ரங்கமணி இந்த இடத்துல கை தூக்குவார். "பரீட்சையை இங்கிலீஷ்லதானே எழுதணும்? தமிழ்ல சொல்லி எதுக்குக் குழப்பறே?" நிறைய வீட்டுல இதே கேள்வி இருக்குன்னு தெரியும். நான் பேரை மாத்தச் சொல்லலியே! லூசிஃபெரின் லூசிஃபெரினாவே இருக்கட்டும். ஆக்சிஜன் ஆக்சிஜனாவே இருக்கட்டும். பெயர்ச்சொல்லை எந்த மொழிலேர்ந்து வேணும்னாலும் கடன் வாங்கலாம், காபியே கடன் வாங்கினதுதானே. வினைச்சொல் மட்டும் பிள்ளைக்குச் சொந்தமா இருக்கணும். ஒட்டுது, வளையுது, முறுக்கிக்குது, பிச்சுக்குது, துடிக்குது, திரும்புது. நான் மேல சொன்னதுல விளக்கம் பூரா இந்தச் சொல்லுங்கள்லதான் இருக்கு. இதெல்லாம் மூணு வயசுல அம்மா மடில கத்துக்கிட்ட தமிழ். தமிழ்ல வேதியியல் மாற்றத்துக்கும் 'வினை'தான் பேரு, வினைச்சொல்லுக்கும் 'வினை'தான் பேரு. நம்ம மொழியே க்ளூ கொடுத்து வச்சிருக்கு!

இதுக்கு நேரெதிர்க் கட்சியும் உண்டு. தமிழ்ச் சங்கத்துல ஒரு பெரியவர் சொன்னார், "உயிரொளிர்வுன்னு சொல்லிக் கொடும்மா, தமிழ் வளரும்." நல்ல சொல்தான், எனக்கும் பிடிக்கும். ஆனா ஐயா, அதுவும் பேருதானே? இங்கிலீஷ் பேரை எடுத்துட்டுத் தமிழ்ப் பேரை வச்சா, ஒப்பிக்கற மொழி மாறும். உள்ள என்ன நடக்குதுன்னு அப்பவும் தெரியாது. பேரை மொழிபெயர்க்கறதுக்கு முன்னாடி நடப்பைச் சொல்லுவோம்.

இது ஏன் நமக்குச் சின்ன விஷயம் இல்லைன்னு சொல்றேன்னு சொன்னேன்ல. நம்ம வீட்டுப் பசங்களோட தமிழைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. சாப்பாடு, திட்டு, தாத்தா பாட்டியோட போன்ல "நல்லா இருக்கேன்". இந்த மூணுல அடங்கிப் போயிடுது. "ஏன்?"னு ஆரம்பிக்கற கேள்வி வந்ததும் மொழி மாறிடுது. நாமளும் இங்கிலீஷுக்குத் தாவிடறோம், இல்லேன்னா போனைக் கையில கொடுத்துடறோம். பத்து வயசுக்குள்ள குழந்தை ஒரு முடிவுக்கு வந்துடும்: தமிழ் பசிக்கும் பாசத்துக்கும் உள்ள மொழி, காரணம் கேக்கறதுக்கு உள்ள மொழி இல்ல. அப்புறம் வாரக் கடைசில தமிழ் வகுப்புக்கு அனுப்பி 'அ' எழுத வச்சு என்ன பிரயோஜனம்? எழுத்து வரும். ஆனா முக்கியமான எதையும் அந்த மொழில யோசிக்க வராது. அதைவிடக் கஷ்டம், ஏன்னு கேக்க நம்மகிட்ட வர்றதே நின்னு போயிடும்.

"எல்லாத்துக்கும் நமக்குப் பதில் தெரியுமா?"ன்னு கேப்பீங்க. தெரியாததைத் தெரியலன்னு சொல்லுவோம், அதுவும் பதில்தான். இந்தக் காளானையே எடுத்துக்கோங்க. *எப்படி* ஒளிருதுன்னு சொல்லிட்டேன். *எதுக்கு* ஒளிருது? 2015ல பிரேசில் காட்டுல பிளாஸ்டிக் காளான் செஞ்சு, உள்ள பச்சை எல்.ஈ.டி. வச்சு, ராத்திரி வெளிய நிறுத்தினாங்க. விளக்கு எரிஞ்ச காளான்ல நிறையப் பூச்சி வந்து மாட்டுச்சு. அந்த ஊர்க் காளானுக்கு உள்ளயே ஒரு கடிகாரமும் இருக்கு, ராத்திரிலதான் நல்லா ஒளிருது. ஆஹா, வித்துகளைப் பரப்பப் பூச்சிகளைக் கூப்பிடத்தான்னு சந்தோஷப்பட்டாங்க. அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவுல வேற இனக் காளானை வச்சுப் பாத்தா, ஒளிக்காகப் பூச்சி வந்ததாவே தெரியல. ஒரு காளானுக்கு ஒரு காரணமா, சிலதுல சும்மா பக்க விளைவா? இன்னும் முடிவாகல. இதை அப்படியே பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க. "பெரியவங்களுக்கே இன்னும் தெரியல, நீ வேணா கண்டுபிடி"ன்னு சொன்னா அதுங்க கண்ணுல ஒரு வெளிச்சம் வரும் பாருங்க, அதுக்கு எந்த நொதியும் வேண்டாம்.

இவ்வளவு தூரம் படிச்சவங்க, மழைக்காலத்துல பீமாசங்கர் பக்கம் போறதா இருந்தா சில விஷயம். புனேலேர்ந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. வனத்துறை அனுமதி எந்தப் பகுதிக்கு இருக்கோ அங்க மட்டும், உள்ளூர் வழிகாட்டியோட போங்க. போட்டோல பாத்த பச்சையைத் தேடாதீங்க. கேமரா ரொம்ப நேரம் திறந்து வச்சு ஒளியைச் சேர்த்து எடுத்த படம் அது. மங்கல் வெளிச்சத்துல நம்ம கண்ணுக்கு நிறம் சரியாத் தெரியாது, சாம்பல் கலந்த வெள்ளையாத்தான் தெரியும். அதுவும் இருட்டுல இருபது நிமிஷமாவது கண்ணைப் பழக்கினப்புறம். நடுவுல ஒருத்தர் போனை எடுத்து மணி பாத்தாலும் எல்லாருக்கும் திரும்ப முதல்லேர்ந்து. அந்த இருபது நிமிஷம் இருட்டுல சும்மா நிக்கணுமே, அதுதான் காளான் கதையைத் தமிழ்ல சொல்ல நல்ல நேரம். காபிலேர்ந்து ஆரம்பிங்க.

கட்டையை மட்டும் பிச்சுக்கிட்டு வராதீங்க. மேகாலயாவுல ஒளிர்ற மூங்கில் குச்சியைக் கையில வச்சுக்கிட்டு ராத்திரி நடக்கற பழக்கம் அந்த ஊர்க்காரங்களுக்கு உண்டு. 2020ல விஞ்ஞானிங்க அந்தக் காளானைப் புது இனம்னு பதிவு பண்ணினாங்க, அதுல காம்பு மட்டும்தான் ஒளிரும். அது அவங்க காடு, அவங்க வழக்கம். நாம வார விடுமுறைல கார்ல போய் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தா ஒரு சீசன் கூடத் தாங்காது. வீட்டுக்குக் கொண்டு வந்தாலும் ஈரம் காஞ்சதும் அணைஞ்சுடும். சுத்து ஓடணும்னா மரம், ஈரம், காத்து மூணும் வேணும்னு இப்போ நமக்குத் தெரியுமே.

அப்புறம் என்ன? அடுத்த தடவை அந்தப் போட்டோ வந்து, வாண்டு வந்து "ஏன்?"னு கேட்டா, போனைக் கீழ வச்சுட்டு "உள்ள என்ன நடக்குது தெரியுமா?"ன்னு ஆரம்பிங்க. தெரிஞ்ச வரைக்கும் சொல்லுங்க, தெரியாத இடத்துல ரெண்டு பேரும் சேர்ந்து தேடுங்க. உங்க வீட்டுல இந்த மாதிரி எந்தக் கேள்வி சுத்திக்கிட்டிருக்குன்னு எனக்கும் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்ச வேதியியலா இருந்தா அடுத்த பதிவு அதுதான்.

டிஸ்கி: ஒளிர்ற காளான் இவ்வளவு அழகா இருக்கே, குருமா வைக்கலாமான்னு யாராவது கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். வேண்டாம்! ஒளிர்ற இனங்கள்ல சிலது நல்ல விஷம். காளான் மார்க்கெட்லயே வாங்கிக்கலாம், கண்ணுக்கு மட்டும் காட்டுல :-)